சோடா கம்பெனிக்கு வந்த சித்தி

கோயிலில் தீபத் திருவிழாவுக்குக் கொடியேறிய அன்று காலை பத்து மணி இருக்கும். முனுசாமியண்ணன் இடுப்பில் கட்டியிருந்த ஈரச் சாக்கை அவிழ்த்து, மடித்து, சோடா மிஷின் மேல் வைத்தார். அவருடைய மச்சான் ஏழுமலையும் அப்படியே செய்தார். இரண்டு பேரும் தொட்டியில் கை கழுவிக்கொண்டார்கள்.

"மொதலாளி, நாங்க போறோம்" என்றார் முனுசாமியண்ணன்.

அப்பாவை நான் நைனா என்றுதான் கூப்பிடுவேன். அவர்கள் டீ குடிக்கப் போவதாக நைனா நினைத்துக்கொண்டார். "சீக்கிரம் வந்துடு. சிலிண்டர் மாத்தணும்."

"வேலைய உட்டுப் போறோம், மொதலாளி. தீபத்துக்கு அப்புறம் போவறதுக்கு இப்பவே போயிடறோம்."

"இன்னா சொல்ற நீ? எதுக்கு?"

முனுசாமியண்ணன் செருப்பை மாட்டிக்கொண்டு சந்து வழியாக நடந்தார். ஏழுமலை மட்டும் ஒரு தடவை திரும்பிப் பார்த்தார்.

கோயில் பக்கமிருந்து மேளச் சத்தம் வந்துகொண்டிருந்தது. தீபத்துக்கு இன்னும் ஒன்பது நாள். சின்னக்கடைத் தெருவிலிருந்து மலை சுற்றும் பாதை வரைக்கும் நாற்பது கடைக்காவது நாங்கள்தான் சோடா போட வேண்டும். மிஷின் சுற்றும் ஆட்கள் இரண்டு பேரும் போய்விட்டார்கள்.

நான் சமையலறை வாசலில் முறத்தோடு நின்றிருந்தேன். அவர்கள் ஏன் போகிறார்கள் என்று அந்த வீட்டில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

ஒரு வாசகியின் கேள்வி

போன வாரம் இந்தப் பகுதியில், அம்மா இறந்ததைப் பற்றி எழுதியிருந்தேன். படித்த ஒரு வாசகி, "உங்க நைனா மறுமணம் செய்துகொண்டதாக ஒரு வரி வருகிறது, அந்தச் சித்தியைப் பற்றி ஒன்றும் காணோமே" என்று கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. தள்ளிப்போட்டதற்குக் காரணம் உண்டு. இந்தக் கதையில் நான் நல்லவளாக வருவதில்லை.

எங்கள் வீட்டின் பின்கட்டுதான் சோடா கம்பெனி. கம்பெனி என்றால் ஒரு தகரக் கொட்டகை, கிணறு, சிமெண்டுத் தொட்டி, கை மிஷின் ஒன்று. அவ்வளவுதான்.

கோலி சோடா போடுவதைப் பார்க்காதவர்கள் இன்று நிறைய இருப்பார்கள். தடித்த பச்சைப் புட்டியில் தண்ணீரும் எசன்ஸும் ஊற்றி, மிஷினின் இரும்புக் கூண்டில் வைத்துப் பூட்ட வேண்டும். ஒருவர் கேஸ் திருகைத் திறந்துவிட, இன்னொருவர் கைப்பிடியைச் சுற்றுவார். கூண்டு குலுங்கக் குலுங்க கேஸ் தண்ணீரில் கரையும். புட்டி தலைகீழானதும் உள்ளே கிடக்கும் கோலி கழுத்துக்கு வந்து, கேஸ் தள்ளுகிற வேகத்தில் ரப்பர் வளையத்தில் அழுந்திக்கொள்ளும்.

கேஸ் ஜாஸ்தியானால் புட்டி வெடிக்கும். புட்டியில் மயிரிழை விரிசல் இருந்தால் கேஸ் சரியாக இருந்தாலும் வெடிக்கும். சோடாக்காரர்கள் கையில் தழும்பு இருப்பதை ஊரில் யாரும் அதிசயமாகப் பார்க்க மாட்டார்கள்.

அந்த வருஷம் பங்குனியில் நைனா கூண்டைத் திறந்தபோது ஒரு புட்டி அவர் முகத்துக்கு நேராக வெடித்தது. இடது கண் போய்விட்டது.

கட்டு மாற்றியவர்

எங்களூர் ஆஸ்பத்திரியில் தினமும் நைனாவுக்குக் கட்டு மாற்றிய நர்ஸ் பெயர் மரகதம். போளூர்ப் பக்கம். தம்பிகளைப் படிக்கவைத்து ஆளாக்குவதில் கல்யாண வயதைக் கடந்துவிட்டவர். அப்போது முப்பத்து மூன்று இருக்கலாம். எனக்குப் பத்தொன்பது.

கட்டுத் தேவையில்லாமல் போன பிறகும் நைனா ஆஸ்பத்திரிக்குப் போய்க்கொண்டிருந்தார். ஆனி மாதத்தில் ஒரு நாள் காலை, இட்லி சாப்பிட்டுக்கொண்டே, "பூங்கா, நான் ஒண்ணு சொல்றேன். கோச்சிக்காத" என்றார். பூங்காவனம் என்கிற என் முழுப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டிருந்தால்கூட அவ்வளவு பயந்திருக்க மாட்டேன். அந்தக் குரலே விஷயத்தைச் சொல்லிவிட்டது.

ஒரு சின்னக் கோயிலில் மாலை மாற்றிக்கொண்டார்கள். சித்தி என்று கூப்பிடச் சொன்னார் நைனா. கூப்பிட்டேன். அதற்கு மேல் ஒரு வார்த்தையும் நானாகப் பேசவில்லை.

சித்தி ஆஸ்பத்திரிக்குப் போவதை நிறுத்தியிருந்தார். வேலையை விட்டுவிட்டார் என்றுதான் நானும் நினைத்தேன், தெருவும் நினைத்தது. வந்த பத்தாவது நாளே பின்கட்டுக்குப் போய் நின்றார். புட்டிகளை ஒவ்வொன்றாக வெயிலில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். விரிசல் கண்டவற்றை எல்லாம் ஒதுக்கி, நான்கு பெட்டிப் புட்டிகளைக் கிணற்றடியில் போட்டு உடைக்கச் சொன்னார்.

"நல்லா ஓடிக்கினு இருந்த புட்டிங்கம்மா" என்றார் முனுசாமியண்ணன்.

"அவரு கண்ண எடுத்ததும் ஓடிக்கினு இருந்த புட்டிதாங்க" என்றார் சித்தி.

அடுத்த வாரம் கொல்லனிடம் சொல்லி, கூண்டுக்கு இரும்புத் தகட்டில் கதவு அடிக்கவைத்தார். கம்பி வலையில் முகமூடி செய்து கொடுத்தார். "இன்னாம்மா இது, தேன் எடுக்கவா போறோம்?" என்று ஏழுமலை சிரித்தார். முனுசாமியண்ணன் சிரிக்கவில்லை. பன்னிரண்டு வருஷமாக மிஷினில் நின்றவர் அவர். முகமூடியை ஆணியில் மாட்டிவிட்டு, வெறும் முகத்தோடு வேலை செய்தார்.

நைனா இதில் எதிலும் தலையிடவில்லை. எனக்கு அது கோபமாக வந்தது. காரணம் பிறகுதான் புரிந்தது. கொட்டகையில் புட்டி வெடிக்கும் சத்தம் கேட்டால் அவர் அப்படியே சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பார். மூச்சு சரியாக வர நேரம் பிடிக்கும். காயம் பட்ட பிறகு அவர் மிஷினுக்குப் பத்தடி தூரத்துக்குள் வந்ததே இல்லை. எங்களில் யாரும் அதைப் பற்றிப் பேசியதுமில்லை.

எனக்குத் தெரிந்ததெல்லாம் சரக்கறைச் சாவி அம்மாவின் கொத்திலிருந்து சித்தியின் இடுப்புக்குப் போனது மட்டும்தான். "இனிமே அவங்க ராஜ்ஜியந்தான்" என்று பக்கத்து வீட்டில் சொன்னது சுவர் தாண்டிக் கேட்டது.

இரண்டு பொய்

கொடியேறுவதற்கு மூன்று நாள் முன்பு, முனுசாமியண்ணனுக்கு மோர் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் அன்றைக்கு எரிச்சலில் இருந்தார். வடிகட்டிய தண்ணீரைத்தான் ஊற்ற வேண்டும் என்று சித்தி புதிதாகச் சொல்லியிருந்தார்.

"உங்க சித்தி எங்கள வேல செய்ய உட மாட்டாங்க போலருக்குதே, பாப்பா."

"அவங்க போளூர்லேர்ந்து வேற ஆளுங்கள கூட்டியாரப் போறாங்கண்ணா. தீபம் முடியட்டும்னு இருக்காங்க."

குடித்துக்கொண்டிருந்த லோட்டாவை இறக்கினார். "மொதலாளிக்குத் தெரியுமா?"

"தெரியும். உங்க மூஞ்சப் பாத்து சொல்ல முடியாம இருக்காரு."

முதல் பொய்யை நான் இரண்டு நாள் யோசித்து வைத்திருந்தேன். இரண்டாவது யோசிக்காமலே வந்தது. அதுதான் பெரிய பொய்.

முனுசாமியண்ணன் நேராக நைனாவிடம் போய்ச் சண்டை போடுவார், நைனா சித்தியைக் கண்டித்து உள்ளே அனுப்பிவிடுவார் என்பது என் கணக்கு. அவர் சண்டைக்காரர் இல்லை, ரோஷக்காரர் என்பதை நான் யோசிக்கவில்லை.

நான்கு நாள்

அவர்கள் போன அன்று நைனா தெருத் தெருவாக ஆள் தேடினார். தீப சமயத்தில் ஆள் எங்கே கிடைப்பார்கள்? பஸ் ஸ்டாண்டுப் பக்கம் புதிதாக ஒருவர், தகர மூடி போட்ட கலர் புட்டிகளை லாரியில் கொண்டுவந்து இறக்க ஆரம்பித்திருந்தார். இந்தத் தீபத்துக்கு நாங்கள் சரக்குக் கொடுக்காவிட்டால் கடைக்காரர்கள் அவரிடம் போவார்கள். போனவர்கள் திரும்ப மாட்டார்கள். நைனா மத்தியானம் வெறுங்கையோடு வந்து உட்கார்ந்தார்.

சித்தி புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, ஆணியில் இருந்த முகமூடியை எடுத்து மாட்டிக்கொண்டார்.

"பூங்கா, நீ புட்டி கழுவி, வெயில்ல பாத்துக் குடு. விரிசல் இருந்தா தள்ளிடு."

கேஸ் திருகையும் அவரே திறந்து, கைப்பிடியையும் அவரே சுற்றினார். இரண்டு ஆள் வேலை. முதல் நாள் நாலு பெட்டிதான் தேறியது. இரண்டாம் நாள் ஏழு. உள்ளங்கையில் கொப்புளம் கட்டி உடைந்து, துணி சுற்றிக்கொண்டார். என்னை ஒன்றும் கேட்கவில்லை. முனுசாமி ஏன் போனார் என்று நைனாவிடம்தான் திரும்பத் திரும்பக் கேட்டார். "நான் எதாவது சொல்லிட்டேனா? முகமூடி போடச் சொன்னதுக்கா?" என்றார் ஒரு தடவை. நைனா, "தெரியலியே" என்றார்.

நான் தொட்டியில் குனிந்து பிரஷ்ஷைப் புட்டிக்குள் விட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தேன். சொல்லிவிடலாம் என்று ஒவ்வொரு புட்டிக்கும் தோன்றும். அடுத்த புட்டியை எடுப்பேன்.

நான்காம் நாள் எனக்குக் கண் எரிந்தது, மனசு வேலையில் இல்லை. வெயிலில் பார்க்காமலேயே சில புட்டிகளை வரிசையில் வைத்தேன். அதில் ஒன்று கூண்டுக்குள் வெடித்தது.

தகட்டுக் கதவு பெரும்பாலானதைத் தடுத்துவிட்டது. ஓரத்து இடுக்கு வழியாக வந்த சில்லு சித்தியின் வலது முன்கையில் இறங்கியது. நைனா கிணற்றடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

சித்தி முதலில் கேஸை மூடினார். பிறகு முகமூடியைக் கழற்றினார். "பூங்கா, உள்ள என் பெட்டில இடுக்கி இருக்குது. அடுப்புல கொதிக்கிற தண்ணில போட்டு எடுத்தா."

கொண்டுவந்தேன். இடது கையால் அவரால் சரியாகப் பிடிக்க முடியவில்லை. என்னிடம் நீட்டினார். ரத்தத்துக்கு நடுவே கண்ணாடி பச்சையாகத் தெரிந்தது.

"சித்தி, முனுசாமிண்ணா போனது என்னாலதான்."

"மொதல்ல கண்ணாடிய எடு. அப்புறம் பேசு."

எடுத்தேன். இரண்டு துண்டு வந்தது. அவர் சொல்லச் சொல்லக் கழுவி, மருந்து வைத்து, கட்டுப் போட்டேன். முடிச்சு இறுகவில்லை என்று பிரித்து மறுபடி போடச் சொன்னார். போட்டேன்.

"இப்ப சொல்லு."

சொன்னேன். இரண்டு பொய்யையும் சொன்னேன். புட்டியைப் பார்க்காமல் வைத்ததையும் சொன்னேன். நைனா கேட்டுக்கொண்டே வந்து பக்கத்தில் நின்றார்.

"ஏன்?" என்றார் சித்தி.

"கம்பெனிய நீங்க எடுத்துக்குவீங்கன்னு."

அவர் என்னை அடிப்பார் என்று எதிர்பார்த்தேன். அடித்திருந்தால் சுலபமாக இருந்திருக்கும். கைக்கட்டின் முடிச்சை ஒரு தடவை இழுத்துப் பார்த்துக்கொண்டார்.

"அத அப்புறம் பேசிக்கலாம். முனுசாமி வீடு அடி அண்ணாமலைலதான? கெளம்பு."

"நீங்களும் வாங்க சித்தி."

"நான் வந்தா, நான் சொல்லச் சொல்லி நீ சொன்ன மாதிரி ஆயிடும். நீ தனியாப் போய்ச் சொல்லு."

அடி அண்ணாமலையில்

மலை சுற்றும் பாதையில் வெளியூர் ஜனங்கள் மூட்டையோடு போய்க்கொண்டிருந்தார்கள். காலையில் பெய்த மழையில் மண் சொதசொதவென்று இருந்தது. வழி முழுக்க, எப்படி ஆரம்பிப்பது என்று சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். வீட்டு வாசலை அடைந்ததும் எல்லாம் மறந்துவிட்டது.

முனுசாமியண்ணனின் மனைவி சாக்கு விரித்து மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, காயப்போட்டுக்கொண்டிருந்தார். அண்ணன் கூரைமேல் ஓலை செருகிக்கொண்டிருந்தார். ஏழுமலை கீழே நின்று எடுத்துக் கொடுத்தார். என்னைப் பார்த்ததும் அண்ணன் இறங்கி வந்தார்.

"இன்னா பாப்பா, மொதலாளிக்கு ஒடம்பு எதுனா?"

அவர் அப்படிக் கேட்டது எனக்கு இன்னும் கஷ்டமாகிவிட்டது. நின்றபடியே சொன்னேன். சித்தி ஆள் எதுவும் பேசவில்லை, நைனாவுக்கு ஒன்றும் தெரியாது, எல்லாம் நான் இட்டுக்கட்டிச் சொன்னது என்றேன்.

கோழி ஒன்று மல்லாட்டையைக் கொத்த வந்தது. அதை விரட்டக்கூட அந்த அம்மாள் நகரவில்லை.

"பன்னண்டு வருசம்" என்றார் அண்ணன். "உங்க அம்மா செத்தப்ப நானும் தூக்கினேன்."

"தப்புதாண்ணா."

"உடுங்க" என்றார் அவர் மனைவி. "தாயில்லாத பொண்ணு. எதோ சொல்லிட்டுது."

"தாயில்லாத பொண்ணு சொல்லுதேன்னுதான் நான் நம்பினேன்."

அவர் குரலை உயர்த்தவில்லை. துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு, "பஸ் ஸ்டாண்டு கம்பெனில நாளைக்கு வரேன்னு வார்த்த குடுத்துட்டேன். போ பாப்பா. மழ வரும்" என்றார்.

திரும்பி வரும்போது மழை வந்தது. நான் ஒதுங்கவில்லை.

மிஷினில்

"வருவாரா?" என்று கேட்டார் சித்தி.

"தெரியல. வார்த்த குடுத்துட்டேன்றாரு."

"சரி. நாளைக்கு நீ மிஷின்ல நில்லு. என் கை ஆவாது."

நைனா எழுந்துவிட்டார். "கல்யாணம் ஆவாத பொண்ணு, மரகதம். மூஞ்சில பட்டா இன்னா பண்றது?"

"முகமூடி இருக்குது. கதவு இருக்குது. இடுக்குல தகடு வெச்சு அடைக்கச் சொல்லிட்டேன். புட்டிய நான் ஒத்தக் கையில பாத்துக் குடுக்கறேன். வேற வழி இருந்தா சொல்லுங்க."

நைனா மறுபடி உட்கார்ந்துவிட்டார்.

மறுநாள் விடிந்ததும் ஈரச் சாக்கை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றேன். முகமூடிக்குள் என் மூச்சே எனக்குச் சூடாக அடித்தது. கைப்பிடியைப் பிடித்தால் கேஸ் திருகு எட்டவில்லை. திருகுக்குப் போனால் கைப்பிடி நழுவியது. சித்தி உயரமானவர், நான் குள்ளம். மூன்று தடவை முயன்றேன். மூன்றாவது தடவை கேஸ் ஜாஸ்தியாகி, கூண்டு நடுங்கியது. சித்தி ஓடி வந்து மூடினார்.

பின்னால் காலடிச் சத்தம் கேட்டது. நைனா வந்துகொண்டிருந்தார். ஒவ்வொரு அடியாக வந்தார். பத்தடி, எட்டடி, அஞ்சடி. முகம் வெளுத்திருந்தது. திருகுப் பக்கத்தில் வந்து நின்று, அதன்மேல் கையை வைத்தார். இருக்கிற ஒரு கண்ணையும் மூடிக்கொண்டார்.

"சுத்து" என்றார்.

சுற்றினேன். அவர் சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டு கேஸை விட்டார். சீறல் ஒரு அளவுக்கு வந்ததும் நிறுத்தினார். கோலி கழுத்தில் போய் டக்கென்று உட்கார்ந்தது. வெளியே எடுத்துப் பெட்டியில் வைத்தேன்.

"அடுத்தது" என்றார், கண்ணைத் திறக்காமலே.

அன்று பதினோரு பெட்டி போட்டோம். சாயங்காலம் ஒரு புட்டி வெடித்தது. நைனாவின் கை திருகிலிருந்து போகவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றார், அவ்வளவுதான். சித்தி அதைப் பார்த்துவிட்டு, பார்க்காதவர் போல அடுத்த புட்டியை வெயிலில் தூக்கிப் பிடித்தார்.

ஏழாம் நாள் காலை சந்தில் செருப்புச் சத்தம் கேட்டது. ஏழுமலை மட்டும் வந்தார்.

"அவரு வர மாட்டாரு" என்றார் நைனாவிடம். "குடுத்த வார்த்தைய மாத்த மாட்டேன்றாரு. என்னைப் போவச் சொன்னாரு. தீப சமயத்துல மொதலாளிய உட்டுட்டு வந்தது தப்புன்றாரு."

பிறகு சித்தியிடம் திரும்பி, "இன்னொரு முகமூடி இருக்குதுங்களா?" என்றார்.

தீபத்தன்று மத்தியானத்துக்குள், ஒத்துக்கொண்ட சரக்கில் முக்கால்வாசியைக் கடைகளுக்குச் சேர்த்துவிட்டோம். ஆறு கடைக்காரர்கள் தகர மூடிக்குப் போய்விட்டார்கள். சில வருஷம் கழித்து நாங்களே தகர மூடி மிஷின் வாங்கினோம், அது வேறு கதை. முனுசாமியண்ணன் எங்களிடம் திரும்பி வேலைக்கு வரவேயில்லை. எதிரில் பார்த்தால் நின்று நைனாவை விசாரிப்பார். என்னைப் பாப்பா என்று கூப்பிடுவதை மட்டும் நிறுத்திவிட்டார். அதை நான் கடைசிவரை சரிசெய்ய முடியவில்லை.

லீவு முடிந்தது

தீபம் முடிந்த மூன்றாம் நாள் காலை, சித்தி வெள்ளைப் புடவை கட்டிக்கொண்டு கூடத்துக்கு வந்தார். கைக்கட்டு சின்னதாகியிருந்தது. சரக்கறைச் சாவியை எடுத்து என் முன்னால் வைத்தார்.

"ஆஸ்பத்திரில லீவு முடிஞ்சுது. இன்னிக்கு டூட்டி."

"லீவா? நீங்க வேலைய விட்டுட்டதா..."

"நான் எங்க விட்டேன்? கல்யாணத்துக்கு முந்தியே உங்க நைனாகிட்ட சொல்லிட்டேன், வேலைய விட மாட்டேன்னு. தெருவுல இன்னா பேசுவாங்களோன்னு அவருதான் இத்தினி நாளா யார்கிட்டயும் சொல்லல."

நைனா சட்டைப் பொத்தானை மும்முரமாகப் போட்டுக்கொண்டிருந்தார்.

"அப்ப கம்பெனி?"

"அது உன்னுது. எனக்கு சோடா குடிச்சாலே நெஞ்சு எரியும்" என்றார் சித்தி. சிரிக்கவில்லை. "கேட்டிருந்தா அன்னிக்கே சொல்லியிருப்பேன், பூங்கா. ஒரு தடவ கேட்டிருக்கலாம்" என்றார்.

அவர் என்னிடம் கோபமாகப் பேசியது அவ்வளவுதான்.

தூறல் போட்டுக்கொண்டிருந்தது. கல்யாணமான பெண் வெள்ளைப் புடவையோடு வேலைக்குப் போவதைப் பார்க்க, எதிர்வரிசையில் இரண்டு மூன்று கதவுகள் திறந்தன. நைனா குடையை விரித்தார். ஒரு கையில் குடையும் ஒரு கையில் சித்தியின் டிபன் கேரியருமாக, நடுத்தெருவிலேயே கூட நடந்து போனார்.

நான் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து ஏழுமலையின் குரல் கேட்டது.

"மொதல்ல இன்னா போடலாம்? எலுமிச்சையா, இஞ்சியா?"

பதில் சொல்ல நைனாவைத் தேடித் திரும்பினேன். அவர் தெருக்கோடிக்குப் போய்விட்டிருந்தார். ஏழுமலை என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"இஞ்சி" என்றேன்.